தீர்ப்பு சொல்லாதவள்

மணி பதினொன்றே கால். திருப்பதியில், வழக்குகளைக் கோர்ட்டுக்கு வெளியே பேசித் தீர்க்கும் சமரசப் பயிற்சியின் கடைசி நாள். பாதி திறந்த கதவுக்கு வெளியே, தூங்கும் குழந்தையைத் தோளில் சாய்த்துக்கொண்டு ஜோனத்தான் நிற்கிறான். பெங்களூர் கம்பெனியில் லீவு சொல்லிவிட்டு வந்திருக்கிறான். உள்ளே வட்ட மேசையில் அவன் மனைவி தபிதா. அவளுக்கு எதிரே, போர்வெல் தண்ணீருக்குச் சண்டை போடும் அண்ணன் தம்பியாக இரண்டு வக்கீல்கள் நடிக்கிறார்கள். சமரசம் செய்பவர் தீர்ப்பு சொல்லக்கூடாது; யார் பக்கம் நியாயம் என்று அவள் சொல்லிவிட்டால் சான்றிதழ் கிடையாது. சித்தூரில், தெருவில் யார் சண்டை போட்டாலும் முதல் ஆளாகத் தீர்ப்பு சொல்பவள் அவள். மேசைக்கடியில் அவள் கால் ஆடுவதை ஜோனத்தான் பார்க்கிறான். “இன்னாப்பா, உங்க வூட்டம்மா வாயே தொறக்கல?” என்கிறார் காவலாளி. “அதாண்ணா பரீட்சையே. கம்முனு கேட்டுக்கினு கீறா பாருங்க.”

அண்ணனாக நடிப்பவர் மேசையைத் தட்டுகிறார். “நீயே சொல்லும்மா, தப்பு யாரு மேல?” தபிதா அவர் முகத்தையே பார்க்கிறாள். தட்டிய கை தானாக மேசையிலிருந்து இறங்குகிறது. குழந்தையை ஏந்தியபடியே ஜோனத்தான் நிமிர்ந்து நிற்கிறான். காவலாளியும் எழுந்து வந்து எட்டிப் பார்க்கிறார். தபிதா தாழ்ந்த குரலில் கேட்கிறாள்: “தம்பி சொன்னதுல உங்களுக்கு எதுண்ணா ரொம்ப வலிச்சுது?”