மூடாத பேகல்

முட்டை இன்னும் ஆறவில்லை. விரலைச் சுட்டது. ஊதி ஊதி உரித்தாள்.

தக்காளி, வெங்காயம், சலாட் இலை, ஒரு துண்டு சீஸ், ஒரு பச்சை மிளகாய். எல்லாம் ஒரே பலகையில். மேலே முட்டை.

பெரிய கத்தியை எடுத்தாள். பிடியில் ஒரு கை, முனையில் ஒரு கை.

கொத்தினாள்.

திருப்பிப் போட்டுக் கொத்தினாள். மயோனைஸ் ஒரு கரண்டி. மிளகாய்த்தூள் ஒரு சிட்டிகை. எது தக்காளி, எது வெங்காயம் என்று கேட்டால் சொல்லத் தெரியக்கூடாது. அதுவரைக்கும் கொத்த வேண்டும்.

இருபது நிமிடச் சாப்பாடு இது. செய்ய ஐந்து, தின்ன ஐந்து. மிச்சம் கதைக்க.

விமானங்களுக்குச் சாப்பாடு கட்டும் தொழிற்சாலையில் மத்தியான இடைவேளை அவ்வளவுதான். பதினெட்டு வருடம் அவளும் மலரும் பக்கத்துப் பக்கத்தில் நின்றார்கள். பெல்ட் ஓடும். அவள் பாண் பாதிகளை நிரப்பி இடப்பக்கம் தள்ளுவாள். மலர் மூடுவாள், அழுத்துவாள், வெட்டுவாள்.

அவள் கை கொஞ்சம் தாமதித்தால் போதும்.

"தள்ளுங்கோ அக்கா, பிளேன் வெளிக்கிடப் போகுது."

ஒரு நாளைக்குப் பத்துத் தரம். பத்துத் தரமும் இருவருக்கும் சிரிப்பு வரும்.

மிளகாய்த்தூள் மலரின் பையில் இருக்கும். வெறுமையான மாத்திரைப் போத்தல் ஒன்றில். இதென்ன என்று மேற்பார்வையாளர் ஒருநாள் கேட்டார்.

"நெஞ்சுக்கு" என்றாள் மலர்.

பொய்யும் இல்லைத்தான்.

டோஸ்டர் துள்ளியது. நடுவில் ஓட்டையுள்ள வட்டப் பாண், பேகல், இரண்டைப் பாதியாக வெட்டி வாட்டியிருந்தாள்.

ஒன்றுதான் வேண்டும். வீட்டில் ஒருத்திதான்.

அடிப்பாதி இரண்டையும் பலகையில் வைத்தாள். கொத்தியதை அள்ளி நிரப்பினாள். ஓரம் வரைக்கும், நடு ஓட்டையையும் மூடி.

இடக்கை பலகையைத் தள்ளியது.

டொக்.

சுவர்.

அவள் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். மேல்பாதி இரண்டும் டோஸ்டரிலேயே ஆறின.

அடுப்புக்குப் பக்கத்தில் போன் கிடந்தது. காலையில் மலரிடமிருந்து வந்த செய்தி அதில் இன்னும் திறந்தபடி.

"அக்கா, நாளைக்குப் பிளேன். எட்மன்டன் போறன். இனி மகனோடைதான்."

கூடவே ஒரு கும்பிடும் கை.

மூன்று வருடத்தில் முதற்சொல். அதுவும் போனில்.

அந்த மகனின் கலியாண அழைப்பும் இந்தப் போனில்தான் வந்தது. ஒரே கட்டடம். மலர் நாலாம் மாடி. அவள் ஒன்பதாம் மாடி. கலியாணத்துக்கு வீடு வந்து சொல்ல வேண்டாமோ? லிப்ட் ஓடிக்கொண்டுதானே இருந்தது?

அவள் போகவில்லை. எடுத்து வைத்த சேலையைத் திரும்ப மடித்து உள்ளே வைத்தாள்.

அடுத்த கிழமை, கட்டடத்தின் கீழே, உடுப்புத் தோய்க்கும் அறையில் மலர் வந்து பக்கத்தில் நின்றாள்.

"எல்லாருக்கும் போனிலைதானே அக்கா அனுப்பினனான்."

"நான் எல்லாரோ?"

அவ்வளவுதான். அதற்குப் பிறகு லிப்டில் சந்தித்தால் இருவரும் கதவுக்கு மேலே மாறும் எண்களைப் பார்த்தார்கள்.

போனை எடுத்தாள். கையில் மயோனைஸ். துடைத்தாள்.

"சுகமாய்ப் போயிட்டு" என்று அடித்தாள்.

விரல் நின்றது.

அடித்ததை அழித்தாள். போனைக் கரண்டிகளோடு லாச்சிக்குள் போட்டு மூடினாள்.

நிரப்பிய பாதிகளைத் தட்டில் வைத்தாள். மேல்பாதிகளைப் பக்கத்தில் வைத்தாள். வீட்டுச் சட்டையோடேயே வெளிக்கிட்டாள்.

லிப்டில் நான்கை அழுத்தினாள். அந்த எண்ணை அழுத்தி மூன்று வருடம். அவளுக்கும் லிப்ட் ஓடிக்கொண்டுதான் இருந்தது.

ஒன்பது. எட்டு. ஏழு.

வெங்காய மணம் லிப்டை நிறைத்தது. யாரும் ஏறவில்லை. நல்லது.

இரண்டு கையிலும் தட்டு. கதவை முழங்கையால் தட்டினாள்.

மலர் திறந்தாள். தலை முழுக்க நரைத்திருந்தது. சட்டைக் கையில் ஒட்டுநாடாத் துண்டு ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது. பின்னால் பெட்டிகள், ஆள் உயரத்துக்கு.

முகத்தைப் பார்க்கவில்லை. தட்டைப் பார்த்தாள்.

"மூடேல்லை."

"அது என்ர வேலையோ?"

மலர் வழி விட்டாள்.

குசினி வெறுமையாக இருந்தது. தட்டை மேடையில் வைத்தாள். மலர் லாச்சியைத் திறந்தாள். கத்தி இல்லை. அடுத்ததைத் திறந்தாள். அதிலும் இல்லை.

குனிந்து ஒரு பெட்டியின் நாடாவைக் கிழித்தாள்.

தேத்தண்ணிக் கோப்பைகள். இடியப்ப உரல். கடதாசியில் சுற்றிய சாமி விளக்கு. ஒவ்வொன்றாக எடுத்து நிலத்தில் வைத்தாள். கத்தி அடியில் கிடந்தது.

பிறகு குழாயைத் திறந்தாள். சவர்க்காரம் போட்டாள். விரலிடுக்கு, மணிக்கட்டு, முழங்கை வரைக்கும். தொழிற்சாலையில் கழுவுவதுபோல. தண்ணீர் நெடுநேரம் ஓடியது.

மேடைக்கு எதிர்ப்பக்கம் இடம் இருந்தது. மலர் அங்கே போகவில்லை. பெட்டியைத் தாண்டிச் சுற்றி வந்து, அவளுக்கு இடப்பக்கம் நின்றாள்.

ஈரக்கையை நீட்டினாள்.

"தள்ளுங்கோ அக்கா."

மிச்சத்தை மலர் சொல்லவில்லை.