பேக்கு பரமு

டிவியில் பேக்கு பரமு மறுபடியும் வாளியை உடைத்தான். தினமும் இதே பழைய காமெடி சீரியல், தினமும் என் கணவரிடமிருந்து இதே பேச்சு.

"அவன் பேக்கு இல்லடி, நடிக்கிறான். ஒரு தடவை சொதப்பின வேலைய யாராச்சும் அவன்கிட்ட மறுபடி குடுத்திருக்காங்களா, சொல்லு?"

"எழுதினவனுக்கே தெரியாததெல்லாம் உங்களுக்குத் தெரியும்! அவன் முட்டாள்தாங்க, ஆளை விடுங்க" என்று கத்திவிட்டுச் சட்னி அரைக்கப் போனேன். காய்கறியும் நான்தான் போய் வாங்கிவந்திருந்தேன். கல்யாணமான புதிதில் கொத்தமல்லி வாங்கிவரச் சொன்னால், ஒவ்வொரு முறையும் புதினாவோடு வந்து நிற்பார். இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாத மாப்பிள்ளை என்று என் வீட்டார் இன்றும் சொல்லிச் சிரிப்பார்கள். அதன்பிறகு அவரை நான் கடைக்கு அனுப்பியதே இல்லை.

மிக்ஸியை நிறுத்தி மூடியைத் திறந்தேன். கூடத்திலிருந்து குரல் வந்தது.

"புதினா வாசம் தூக்கலா இருக்கே. ஒரு கைப்பிடி கொத்தமல்லி சேர்த்துக்கோ."

மூடியைக் கீழே வைத்தேன். ஆணியில் மாட்டியிருந்த மஞ்சப்பையை எடுத்துவந்து அவர் மடியில் போட்டேன்.

"என்னடி இது?" என்றார், அச்சு அசலாகப் பரமுவின் முகத்தோடு.