தையல் மெஷின் ஓடாத மூன்று நிமிடம்

ஞாயிற்றுக்கிழமை, பின்னேரம் மூன்று மணி ஐம்பது நிமிடம். மழை விட்டிருந்தது. வாவிப் பக்கமிருந்து வீசிய ஈரக்காற்றும் நின்று, புழுக்கமாக இருந்தது.

வாசிகசாலையின் செயலாளர் மங்கையற்கரசி டீச்சர், மூன்றாவது தடவையாகப் பக்கத்துத் தையல்கடைப் படியேறினார்.

“றமீஸா, நாலு மணிக்குக் கூட்டம். மெஷினை நிப்பாட்டச் சொல்லி எத்தினை தரம் சொல்லுற?”

“நாளைக்குப் பள்ளிக்கூடம் தொடங்குது டீச்சர். முதலாம் ஆண்டுப் புள்ளைகள்ட ஆறு சட்டை கிடக்கு. விடியக் குடுக்காட்டி அதுகள் எதைப் போட்டுட்டுப் போற?”

“கம்பஸிலிருந்து விரிவுரையாளர் ஜெயரூபன் சேர் வாறார். உலகமே மதிக்கிற ஒரு இசையமைப்பாளரைப் பற்றிப் பேசப்போறார். இசை எண்டா என்னெண்டு உனக்குத் தெரிஞ்சாத்தானே!”

றமீஸா மெஷின் சுவிச்சை அணைத்துவிட்டு, ஊசியில் நூல் கோத்துக் கையால் தைக்கத் தொடங்கினார்.

டீச்சர் திரும்பும்போது, வாசலில் பேக்கரி பாண் விற்கும் மர்சூக்கின் ஆட்டோ பாட்டுப் போட்டபடி வந்து நின்றது.

“நீ வேறயா? பாட்டை நிப்பாட்டிப்போட்டு வில்!”

“பாட்டில்லாட்டி பாண்காரன் வந்திருக்கான் எண்டு ஆருக்கு டீச்சர் தெரியும்?” என்றார் மர்சூக். ஆனாலும் பாட்டை நிறுத்திவிட்டு, ஒரு பாணும் விற்காமல் போனார்.

மண்டபத்து மின்விசிறி கிறீச்சிட்டது. டீச்சர் அதையும் நிறுத்தினார். வந்திருந்த இருபத்திரண்டு பேரும் வியர்த்தபடி அமர்ந்திருந்தார்கள்.

ஜெயரூபன் மேசையை ஒதுக்கிவிட்டு, அவர்களுக்கு நடுவில் கதிரை போட்டு உட்கார்ந்தார்.

“நான் பேச வந்த இந்த இசையமைப்பாளர் வாத்தியங்களை ஒதுக்கி வெச்சவர். நம்மளைச் சுற்றிக் கேக்கிற சத்தந்தான் இசை எண்டவர். இப்ப மூன்று நிமிசம் நான் பேசமாட்டன். உங்கட தெருவில கேக்கிறதையெல்லாம் ஆளுக்கொரு தாளில எழுதுங்க.”

மங்கையற்கரசியின் முகம் வெளிறியது.

மூன்று நிமிடம் முடிந்தது. எல்லாத் தாள்களும் வெறுமையாக இருந்தன.

“என்ன கேட்டீங்க?”

“ஒண்டுமே கேக்கல்ல சேர்,” என்றார் ஓய்வுபெற்ற தபாலதிபர் யோகராசா. “நல்லா வேர்த்தது, அவ்வளவுதான்.”

“அதெப்பிடி? போன கிழமை இடம் பார்க்க வந்த நேரம் தையல் மெஷின், பாண் ஆட்டோ எல்லாம் கேட்டுதே! அதுக்காகத்தானே இந்த மண்டபத்தைக் கேட்டனான். மெஷினை ஆர் நிப்பாட்டின?”

மங்கையற்கரசி எழுந்து நின்றார்.

ஜன்னலுக்கு அப்பாலிருந்து றமீஸாவின் குரல் வந்தது.

“ஆரும் நிப்பாட்டல்ல சேர். மெஷின்ட பெல்ட் அறுந்துட்டு.”

“சே!” என்று தொடையில் அடித்துக்கொண்டார் ஜெயரூபன்.

மறுநாள் விடியற்காலை, ‘ஓர் அறுந்த பெல்ட் என் உரையைக் கெடுத்தது’ என்று ஜெயரூபன் முகநூலில் எழுதினார். மர்சூக் பாட்டை உரக்கப் போட்டு வாசிகசாலை வாசலிலேயே பாண் விற்றார். றமீஸா, மிச்சமிருந்த சட்டைகளை மெஷினில் ஓட்டிக்கொண்டிருந்தார். மங்கையற்கரசி, ஜெயரூபனின் பதிவுக்குக் கீழே ‘பெல்ட் அறுந்துபோகவில்லை, நிறுத்தச் சொன்னது நான்’ என்று ஊரறிய எழுதிவிட்டு, றமீஸாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பட்டன் தைக்கத் தொடங்கினார்.