கெர்மானில் ஒரு நிலநடுக்க ஒத்திகை

கெர்மான் நகர ஆஸ்பத்திரியில் அன்று நிலநடுக்க ஒத்திகை. அடிபட்டவர்களாக நடிக்க ஒரு நாடகக் குழுவுக்குச் சொல்லியிருந்தார்கள். சுகாதாரத் துறை அதிகாரி பக்கத்திலேயே நின்றதால் டாக்டர் பெஹ்னூதுக்கு உள்ளூர உதறல்.

சங்கு ஊதியதுமே ஒரு கூட்டம் முனகிக்கொண்டு வந்து விழுந்தது. முதல் ஆள் நெற்றியில் சிவப்பு வழிய, முழங்காலைப் பிடித்துக்கொண்டு அலறினார்.

"பிரமாதமா நடிக்கிறீங்கய்யா," என்று கிசுகிசுத்தார் டாக்டர்.

"ரெண்டு மாசமா இதே பொழப்புதான் டாக்டர். ஒரு எக்ஸ்ரேயும் எடுத்துட்டா இன்னும் நிஜமா இருக்கும்ல?"

எடுத்தார்கள். கட்டும் போட்டார்கள். ஊசி குத்தும்போதுகூட மனிதர் சிரித்தார். மதியத்துக்குள் அத்தனை பேருக்கும் வைத்தியம் முடிந்தது. அதிகாரி டாக்டரைக் கட்டித் தழுவிப் பாராட்டினார்.

அப்போது வாசலில் ஒரு பஸ் வந்து நின்றது. முகமெல்லாம் சாயம் பூசிய ஒருவர் இறங்கி ஓடிவந்தார்.

"மன்னிச்சிருங்க டாக்டர், வழியில பஸ் மக்கர் பண்ணிருச்சு. நாங்க எங்க படுக்கணும்?"

காலையில் வெளிநோயாளிகள் நிரம்பி வழிந்த கூடத்தை டாக்டர் திரும்பிப் பார்த்தார். ஈ, காக்கைகூட இல்லை.

முழங்காலில் கட்டோடு இருந்த அந்த முதல் ஆள் நெற்றியிலிருந்த மாதுளைச் சாற்றைத் துடைத்துக்கொண்டே கேட்டார்:

"அடுத்த நிலநடுக்கம் எப்போ டாக்டர்? வீட்டுக்காரிக்குப் பல்வலி."