கண்ணில் அடித்த வெயில்

பந்து வானத்தில் ஏறியபோதே வீச்சாளர் மேனுகா கையுறையைத் தளர்த்திக்கொண்டாள்.

பேஸ்போலின் கடைசி இன்னிங்ஸ்; எதிரணியில் வெளியேற்ற வேண்டிய மூவரில் இருவர் ஏற்கெனவே வெளியேறியிருந்தனர். இது பிடிபட்டால் ஆட்டம் முடிந்தது.

இடப்புறம் தாட்சாயினி பந்துக்குக் கீழே அசையாமல் நின்றாள். இந்தப் பருவம் முழுவதும் ஒரு பிழையும் செய்யாதவள். மாலை நிழல் அவளுக்கு முன்னால் நீண்டு கிடந்தது.

பந்து கையுறைக்குள் விழுந்தது. விழுந்த வேகத்தில் வெளியே துள்ளியது.

மூன்றாம் பேஸில் காத்து நின்ற எதிரணிக்காரி ஓடிவந்து ஓட்டத்தை எடுத்துவிட்டாள்.

அடுத்தவளை மேனுகா சுலபமாக வெளியேற்றினாள். வெற்றி அவர்களுக்கே. ஆயினும் சென்ட் லோரன்ட் பூங்காவில் எல்லாக் கண்களும் வலைக்குப் பின்னால் இருந்த ஸ்கோரர் தியாகலிங்கத்தின் பென்சிலையே பார்த்தன. மாகாண அணியில் சேர வேண்டுமானால் மேனுகா விட்டுக்கொடுத்த ஓட்டங்களின் சராசரி மூன்றுக்குக் கீழே இருந்தாக வேண்டும். இதுவே கடைசி ஆட்டம்.

பேஸ்போலில் தியாகலிங்கத்தைக் கவர்ந்ததே இந்தச் சராசரிதான். பிடிக்கவேண்டியவர் தவறவிட்டு வந்த ஓட்டம் வீச்சாளரின் பேரில் ஏறாது. ஏறியவற்றை மட்டும் ஒன்பதால் பெருக்கி, வீசிய இன்னிங்ஸால் வகுக்க வேண்டும். ஒருத்தியின் பிழையை இன்னொருத்தியின் தலையில் கட்டாத நீதி! சங்க மேடைகளில் அதைச் சொல்லிக் கைதட்டல் வாங்கியவர் அவர்.

மேனுகா வீசியது ஐம்பத்துநான்கு இன்னிங்ஸ். பிழை என்று எழுதினால் பதினேழு ஓட்டங்கள். சராசரி இரண்டு தசம் எட்டு மூன்று. அடித்தவளின் நல்ல அடி என்று எழுதினால் பதினெட்டு, சரியாக மூன்று.

தியாகலிங்கம் நெற்றியில் கைவைத்து மேற்குப் பக்கம் பார்த்தார். வெயில் கூசியது.

அடி என்று எழுதினார்.

மேனுகாவின் தாய் சிசிலி மேசையருகே வந்தாள்.

"என்ன அண்ணன், பந்து கையுறைக்குள்ள போய்த்தானே விழுந்தது? அதுக்கு என்ர பிள்ளை என்ன செய்யிறது?"

வெயில் கண்ணில் அடித்தால் அது பிழையாகாது என்றார் அவர். தீர்ப்பு ஸ்கோரருடையது என்றும் சொன்னார். அப்படியென்றால் வெயிலும் எதிரணிக்குத்தான் விளையாடியிருக்கிறது என்று சிரிக்க முயன்றாள் சிசிலி. மகளின் பையைத் தூக்கிக்கொண்டு நடந்தாள். மேனுகா திரும்பிப் பார்க்கவில்லை.

மைதானம் வெறிச்சோடியது. தாட்சாயினி மட்டும் வந்து மேசைக்கு முன் நின்றாள். ஆட்டக் கணக்குத் தாள் இன்னும் அனுப்பப்படாமல் அவர் கையடியில் கிடந்தது.

அந்த வெயிலில் எவரும் தவறவிட்டிருப்பார்கள் என்று அவர் தணிந்த குரலில் ஆறுதல் சொன்னார்.

அவள் பென்சிலை எடுத்து, அழிக்கும் முனை அவர் பக்கம் இருக்கத் திருப்பி வைத்தாள்.

"வெயில் எனக்குப் பின்னாலயெல்லோ நிண்டது, அப்பா."