மீன் வேண்டாம்

இரண்டு நாளாகத் தவம் மீனைத் தொடவில்லை. வெளிநாட்டில், டூங்கபி என்ற ஊரிலுள்ள வீட்டில் கொம்பியூட்டருக்கு முன்னாலேயே இருந்தார். எங்கோ ஒரு பறவைக் கூட்டில் பொருத்திய கமரா, மீன் தின்னும் விராலடிப்பான் தாய்ப்பருந்தையும் குஞ்சையும் நேரலையில் காட்டியது. இரை தேடிப்போன ஆண்பருந்து திரும்பவில்லை.

"ஓடிட்டான் கள்ளன். ஆம்பிளையளை நம்பேலாது" என்று தவம் திட்டினார்.

மனைவி கமலேஸ்வரி தட்டை நீட்டினாள். "பொரிச்ச மீனப்பா. உடம்புக்கு ஏலாதோ?"

"அங்கால கொண்டுபோம்!"

"என்ரை சமையல் பிடிக்கேல்லையோ?"

"விசர்க்கதை கதையாதையும். ஸ்கைப்பில பேரன் எங்களைப் பாக்கிறானெல்லோ, அதுபோல இதுகளும் பாக்கும். பட்டினி கிடக்கிற சீவனுக்கு முன்னால மீன் தின்னச் சொல்லுறீரோ?"

அவள் தட்டோடு குசினிக்குப் போனாள்.

சற்று நேரத்தில் தவம் கத்தினார். "வந்திட்டான்! மீனோட வந்திட்டான்! தட்டைக் கொண்டுவாரும்!"

ஓடிவந்த கமலேஸ்வரி வாசலில் நின்று, கலைந்த தலையை ஒதுக்கிக்கொண்டு, அதற்குப் பிறகுதான் திரைக்கு முன்னால் வந்தாள்.