பதினைந்தாவது ஆள்

ஆய்வுக்கு வந்த அதிகாரி, விலை படியாத சரக்கைப் பார்ப்பதுபோல் துறைத் தலைவியைப் பார்த்தார்.

"வேதித் தொழில்நுட்பத்துல உங்க ஆசிரியர்கள் பதினாலு பேருக்கும் பட்டம் இருக்கு. உங்களுக்குத்தாம்மா இல்லை. விதிப்படி நாளைக்கே நாற்காலியக் காலி பண்ணணும்."

"வேதியியல் படிச்சிருக்கேன் சார். அப்புறம் சாயப் பட்டறையில ஒன்பது வருஷம், சோப்பு ஆலையில ஆறு வருஷம். குடுவையில நல்லா வந்தது கொப்பரையில ஏன் கருகுதுன்னு அங்கதான் கத்துக்கிட்டேன்."

"கொப்பரையைக் கிளறுனதெல்லாம் படிப்பாகுமா? உங்களுக்குக் கீழ இருக்கறவங்க பரீட்சை எழுதிப் பாஸாகியிருக்காங்க. உங்களுக்கென்ன, பயமா?"

வாசலில் நின்ற ஆசிரியர்கள் சிரிப்பை அடக்கப் படாதபாடு பட்டார்கள். அதிகாரிக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது.

"என்ன சிரிப்பு?"

துறைத் தலைவி நிதானமாகச் சொன்னார்: "நானும் எழுதியிருப்பேன் சார். ஆனா நான் ஆரம்பிக்கற வரைக்கும் இந்த நாட்டுல இப்படியொரு படிப்பே கிடையாது. முதல் கேள்வித்தாள் போட்டதே நான்தான். இவங்க பதினாலு பேரும் என் மாணவர்கள். இவங்க விடைத்தாளை நான் திருத்தினேன். என்னோடதைத் திருத்தத்தான் ஆள் இல்லை."

அதிகாரி பேனாவை எடுத்தார். 'பட்டம் இல்லை' என்று தாம் எழுதியிருந்ததை அடித்துவிட்டு, 'இந்தப் படிப்பைத் தொடங்கியவர்' என்று எழுதினார்.